அலுப்புப்படி

ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு, செங்காட்டுப்பாளையத்தில் வேலைக்குப் போய் வீடு திரும்பியவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றியபோது அவர்களுடைய அலுப்பு உடம்பிலிருந்து உதிர்ந்து கீழே விழுந்தது. சாம்பலைவிடக் கொஞ்சம் வெளுப்பாகவும், ராகி மாவைவிடக் கொஞ்சம் கனமாகவும், தொட்டால் உள்ளங்கைக்கு இளஞ்சூடாகவும் அது இருந்தது. தோளிலிருந்து விழுந்தது நைசாகவும் முழங்காலிலிருந்து விழுந்தது குருணையாகவும் இருந்தது. அதற்கு யாரும் பேர் தேட வேண்டியிருக்கவில்லை, பார்த்ததுமே அலுப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தறிப்பட்டறையிலிருந்து வந்த வேலுச்சாமி லுங்கியை உதறிவிட்டு, "சீமாறு எங்க வெச்சிருக்கற?" என்று உள்ளே பார்த்துக் கேட்டான்.

"இருங்க, எனக்கும் கொட்டோணும். ரெண்டையும் சேத்துக் கூட்டிக்கலாம்" என்றாள் அவன் மனைவி துளசிமணி. அவள் அப்போதுதான் கடைவீதி ஜவுளிக்கடையிலிருந்து வந்திருந்தாள். வாசல்படியில் நின்று புடவையை உதறினாள். அவளுடைய குவியல் அவனுடையதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு வேலுச்சாமி போய் அரிசி களைந்தான்.

முதல் வாரத்தில் மட்டும் சிலர் இது எதனால் என்று கேட்டார்கள். சாயப்பட்டறைத் தண்ணீர் என்றார்கள், சோப்பு சரியில்லை என்றார்கள். சுகாதார ஆய்வாளர் ஒரு பாலிதீன் பையில் கொஞ்சம் அள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதற்குப் பதில் வரவில்லை, அவரும் நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டார், ஏனென்றால் அதற்குள் அவர் வீட்டு வாசலிலும் தினம் ஒரு முறம் சேர்ந்துகொண்டிருந்தது. நகராட்சி ஒப்பந்தத் துப்புரவுப் பெண்கள் விடிகாலையில் தள்ளுவண்டியோடு வந்து தெருத்தெருவாக அலுப்பை அள்ளினார்கள், அள்ள அள்ள அவர்களுடையதும் அதே வண்டிக்குள் விழுந்ததால் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தாலும் எந்த வண்டியும் ஒருநாளும் காலியாகத் திரும்பியதில்லை. ஊர் அதற்கும் பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. அந்த ஊரில் சம்பளத்தைப் பற்றி யாரும் உண்மை சொல்லும் வழக்கமில்லை; பெண் கேட்கப் போகும்போது கூட்டிச் சொல்வார்கள், கைமாற்றுக் கேட்டு ஆள் வரும்போது குறைத்துச் சொல்வார்கள், சொந்தத் தம்பிக்குக்கூடத் தோராயமாகத்தான் தெரியும். அலுப்பை அப்படிச் சொல்ல முடியவில்லை. அது வாசலில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார். பார்த்தவர் தன்னுடையதைப் பார்த்தார். இவ்வளவுக்கு இவருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அதன் பின்னால் தானாக வந்து நின்றது. சீக்கிரமே ஆட்கள் மஞ்சள் பையில் அலுப்பை அள்ளிக்கொண்டு பேருந்து நிலைய முக்கிலிருந்த மாராத்தாளின் காய்கறிக் கடைக்கு வந்து எடை போட ஆரம்பித்தார்கள். எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைக்கவில்லை.

அரசுப் பள்ளிக்கூடத்தில் எழுபதாயிரம் வாங்கிய வாத்தியாருக்கு ஒரு டம்ளர் இருந்தது, அதே பாடத்தை இங்கிலீஷ் மீடியத்தில் நடத்தி ஒன்பதாயிரம் வாங்கிய டீச்சருக்கு ஒரு மரக்கால் இருந்தது. லைன்மேனுக்கு மழை பெய்த நாட்களில் மட்டும் கனத்தது, வங்கி மேலாளருக்கு மாசக் கடைசியில் மட்டும் கனத்தது. தனியார் ஆஸ்பத்திரி நர்சுக்கு இரவு ஷிப்டில் விழுந்தது பகல் ஷிப்டில் விழுந்ததைவிடக் கறுப்பாக இருந்தது, சம்பளம் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தது. பெங்களூர் கம்பெனிக்கு வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்த்து ஒன்றேகால் லட்சம் வாங்கிய பையனுக்கு உடம்பில் எங்கும் உதிராமல் கண்ணோரத்திலிருந்து மட்டும் பொடியாக உதிர்ந்துகொண்டே இருந்தது, அதை எடை போடுவதா வேண்டாமா என்று மாராத்தாளுக்கே தெரியவில்லை. நிலத் தரகர் ஒருவருக்கு ஒரு மாதம் ஒன்றுமே விழாமல் ஒரே நாளில் ஒரு மூட்டை விழுந்தது. தபால்காரர் வீட்டுப் பையன், பி.இ. முடித்துவிட்டு மூன்று வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தவன், ஒருநாள் யாரும் கூப்பிடாமலே வந்து தன் பையைத் தராசில் வைத்தான். தட்டு சடாரென்று கீழே போனது. வீட்டிலேயே இருந்த பெண்களுடையது எவ்வளவு என்று ஊருக்கு ஒருபோதும் தெரியவரவில்லை, மற்றவர்கள் எழுந்திருப்பதற்கு முன்பே அவர்கள் அதைக் கூட்டித் தள்ளிவிட்டிருப்பார்கள்.

"வாத்தியாரே, எழுபதாயிரத்துக்கு ஒரு டம்ளர்ங்களா?" என்று கேட்டான் கல்யாணத் தரகன் அங்கமுத்து. "காப்பி டம்ளரா, லோட்டாவா, அதையாச்சும் சொல்லுங்க."

"முப்பது வருஷ சர்வீஸுப்பா."

"சர்வீஸ் ஏற ஏற அலுப்பு எறங்குது பாருங்க. எனக்கெல்லாம் ரெண்டும் சேந்து ஏறுதுங்க."

அங்கமுத்துவுக்கு அந்த மாதங்களில் நல்ல வேலை. மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு அலுப்பையும் ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போனான், பெண் வீட்டார் அதைப் பிரித்து விரலால் நெரடிப் பார்த்துவிட்டு, கை நிறையச் சம்பளம், ஒரு சிட்டிகை அலுப்பு, இதைவிட என்ன வேண்டும் என்று வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தார்கள்.

ஆனால் எடை போட்டவர்களுக்கு எடை போட்டதோடு மனசு ஆறவில்லை. இவ்வளவு கொட்டுகிறவனுக்கு இவ்வளவுதானா என்ற பேச்சு டீக்கடையிலிருந்து தறிப்பட்டறைக்கும், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் போய், கடைசியில் முதலாளிமார் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பஞ்சத்துக்குப் படி கொடுக்கிறோம், பயணத்துக்குப் படி கொடுக்கிறோம், அலுப்புக்கும் ஒரு படி கொடுத்துவிட்டால் பேச்சு அடங்கும் என்று சொன்னவர் நாலு மாடி ஜவுளிக்கடை முதலாளி சென்னியப்பன். கிலோவுக்குப் பத்து ரூபாய் என்று முடிவாயிற்று. அதற்கு அலுப்புப்படி என்று பேர் வந்தது.

சென்னியப்பன் கடையில், ராத்திரி கடை சாத்தி வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதித்து அனுப்பும் பின்வாசலில், ஒரு மின்தராசு வைத்தார்கள். பை சோதிக்கப்பட்ட பிறகு ஒவ்வொருத்தியும் தராசின் மேலிருந்த தட்டில் ஏறி நின்று உதறிவிட்டு இறங்க வேண்டும். முதல் நாளிலிருந்தே துளசிமணியுடையதுதான் அதிகமாக இருந்தது.

அவள் பதினோரு வருஷமாகப் பட்டுப் பிரிவில் நின்றாள். நின்றாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் ஒன்பதரைக்குக் கடை திறந்தால் ராத்திரி கடை சாத்தும்வரை, சாப்பாட்டு நேரம் போக, அந்தக் கடையில் உட்காரும் வேலை கேஷ் மேசைக்கு மட்டும்தான் இருந்தது. ரேக்கில் சாய்ந்தால் அபராதம், மேசையில் முழங்கையை ஊன்றினால் சூப்பர்வைசர் விமல்நாத் தொண்டையைக் கனைப்பான். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது சென்னியப்பன் மாடிக்கு நாலு ஸ்டூல் வாங்கி, ஒவ்வொன்றிலும் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று பெயிண்டில் எழுதி வைத்தார். அவற்றில் புடவை எடுக்க வந்த பெண்களின் புருஷன்மார்கள் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துளசிமணி ஏணியில் ஏறி எடுத்து, விரித்து, தோளில் போட்டுக் காட்டி, வேண்டாம் என்றதும் பழைய மடிப்பின் மேலேயே மடித்து, மறுபடி ஏணியில் ஏறினாள். கணுக்காலுக்கு மேலே நரம்பு பச்சையாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே நின்றால் புண் வைக்கும், அப்புறம் ஆறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலையை விட்டுவிட்டால் பன்னிரண்டாயிரம் போய்விடும், வேலுச்சாமியின் தறிக்கூலியில் வாடகை போக மிச்சம் இருக்காது. அதனால் அவளுக்கு ஒன்று மட்டும்தான் வேண்டியிருந்தது: கேஷ் மேசையில் இருந்த கதிரேசன் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகப்போவதாகப் பேச்சு இருந்தது, அந்த நாற்காலி வேண்டும்.

படி வந்ததும் கடையில் ஒரு விநோதம் நடந்தது. பெண்கள் சாப்பாட்டு நேரத்திலும் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார்கள். லிப்ட் இருந்தும் மூட்டையைப் படியேறித் தூக்கினார்கள். உட்கார்ந்தால் எடை குறையுமென்று கழிவறையில்கூட அவசரப்பட்டார்கள். மாதக் கடைசியில் அதிகம் உதிர்த்தவருக்கு சென்னியப்பன் ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு கொடுத்து, நுழைவாசலில் படம் மாட்டினார். முதல் மாதமும் இரண்டாம் மாதமும் துளசிமணியின் படம்தான் இருந்தது.

"அக்கா, மூணாவது ஹாட்பாக்ஸும் உங்களுக்குத்தானாட்ட இருக்குது. எங்களுக்கும் கொஞ்சம் உட்டுக் குடுக்கலாமுல்ல" என்றாள் பூங்கொடி. பட்டுப் பிரிவில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள், போன வருஷம்தான் சேர்ந்தவள்.

"என்ற ரெண்டு முழங்காலையும் எடுத்துக்க கண்ணு. ஹாட்பாக்ஸையும் சேத்துத் தர்றேன்."

"அய்யோ, ஹாட்பாக்ஸ் போதுமுங்க்கா."

ஹாட்பாக்ஸ் வாங்கிய மறுநாள் துளசிமணி முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போய் நின்றாள்.

"ஏனுங்க மொதலாளி, கதிரேசன் போனா அந்த கேஷ் சீட்ட எனக்குக் குடுங்க. பன்னெண்டாவது படிச்சிருக்கறனுங்க. பில் போடத் தெரியும்."

"உனக்கெதுக்கும்மா அது? அங்க உக்காந்தா அலுப்பு வராது. மாசமானாப் படி அறுநூறு ரூவா போயிருமே."

"போனாப் போவுதுங்க."

சென்னியப்பன் கெட்ட மனுஷர் இல்லை, யோசித்தார். "அது பதினாலாயிரத்து சீட்டு. நீ பன்னெண்டாயிரத்து ஆளு. சீட்டு மாறுனாச் சம்பளம் மாறோணும். உனக்கு மாத்துனா மேல நிக்கறவங்க அத்தனை பேரும் கேப்பாங்க."

"பன்னெண்டாயிரத்துக்கே உக்காந்துக்கறனுங்க."

"தீபாவளி போவட்டும், பாக்கலாம்" என்றார்.

தீபாவளிக்கு முன்பே படி போய்விட்டது. ஊரில் எல்லா முதலாளிகளும் கொடுத்த படியைக் கூட்டிப் பார்த்தபோது தலை சுற்றியது, கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆடிட்டரை வரவழைத்தார்கள். அவர் ஊரின் சம்பளங்களையும் அலுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள் என்று அமைதியாகச் சொன்னார். பெரிய சம்பளக்காரருக்கு அலுப்புக் குறைவு என்றால் அவருக்குத் தொழில் தெரிகிறது என்று அர்த்தம், சின்னச் சம்பளக்காரருக்கு அதிகம் என்றால் தெரியவில்லை என்று அர்த்தம். மில்லில் பஞ்சு வீணாவதைப்போல் இது மனுஷன் வீணாவது, கழிவுக்கு யாராவது காசு கொடுப்பார்களா? ஐப்பசி முதல் தேதியிலிருந்து அலுப்புப்படி நின்று அலுப்புப் பிடித்தம் வந்தது, அதே கிலோ, அதே பத்து ரூபாய்.

அப்புறம் ஊர் அலுப்பை ஒளிக்க ஆரம்பித்தது. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் வாய்க்கால் மேட்டுக்குப் போய் உதறிவிட்டு வந்தார். நர்ஸுகள் ஆஸ்பத்திரிக் கழிவறையில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தார்கள், குழாய் அடைத்துக்கொண்டது. மாப்பிள்ளை தேடும் வீடுகளில் பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, எடுத்து வராதவன்தான் நல்ல மாப்பிள்ளை என்றாகிவிட்டது. டீக்கடைப் பெஞ்சில் ஒரு சாயங்காலம் வாத்தியார், யாரைப் பார்த்தும் இல்லாமல், "படி வந்துச்சு, படி போச்சு, பிடித்தம் வந்துச்சு, இந்த நாலு மாசத்துல இந்த ஊர்ல ஒருத்தன் சம்பளமாவது மாறியிருக்குதா?" என்று கேட்டார். எல்லோரும் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். கணக்கை எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் விடை பழைய சம்பளமாகவே வந்தது. அங்கமுத்து மட்டும், "உங்குளுது மாற வேண்டாமுங்க வாத்தியாரே, இருக்கறபடியே இருக்கட்டும்" என்றான். சிரித்தார்கள். அவனும் எழுந்து வேட்டியை உதறிவிட்டு, உதறியதைச் செருப்பால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான்.

ஜவுளிக்கடை வாசலில் துளசிமணியின் படத்தைக் கழற்றிப் பின்வாசல் தராசுக்கு மேலே மாட்டினார்கள். அவளால் ஒளிக்க முடியவில்லை, அவளுடையது வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்தது. ஐப்பசிச் சம்பளத்தில் அறுநூற்றுச் சொச்சம் குறைந்தது.

தீபாவளி போயிற்று. கதிரேசன் திருப்பூருக்குப் போனான். வெளியிலிருந்து வந்த ஆட்கள் பதினைந்து கேட்டார்கள், சென்னியப்பனுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னவளின் ஞாபகம் வந்தது. கார்த்திகை முகூர்த்தக் கூட்டம் தொடங்கிய திங்கட்கிழமை காலை, கீழ்த்தளத்தில் இருந்த கேஷ் மேசைக்குப் பின்னால், துளசிமணி முதுகை நாற்காலியில் சாய்த்து உட்கார்ந்தாள். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றினாள். இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கி, தொங்க விட்டாள்.

மூன்றாவது பில் போடும்போது உதிர ஆரம்பித்தது.

அன்றைக்கு அவள் அலுக்கும்படி இன்னும் எதுவும் செய்திருக்கவில்லை. ஆனாலும் உதிர்ந்தது, பாதம் மூடியது, கணுக்கால் மூடியது, மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, பில்லுக்கு வரிசையில் நின்றவர்களின் செருப்புகளைத் தொட்டது. துளசிமணி ஒருமுறை குனிந்து பார்த்தாள். முதலில் விழுந்த கறுப்புக் குருணை இந்தத் தீபாவளியுடையது. அடுத்து விழுந்த வெளுத்த பொடி, மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது லீவு கிடைக்காத பொங்கலுடையது. நாற்பது பட்டுப் புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒரு துண்டு மட்டும் வாங்கிப்போன கல்யாண வீட்டுக்காரர்களுடையது செம்மண் நிறத்தில் தனியாகத் தெரிந்தது. அவள் நிமிர்ந்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

சென்னியப்பன் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். "என்னம்மா இது? இப்பத்தான வந்து உக்காந்த?"

"இது இன்னிக்குதில்லீங்க. பழசு."

"பழசா?"

"நிக்கறப்ப முழுசா எறங்கலீங்க. உள்ளயே நின்னுபோச்சு. உக்காந்தாத்தான் எறங்குதுங்க."

"அரியர்ஸுங்க" என்றான் விமல்நாத் பின்னாலிருந்து, மெதுவாக.

"நீ சும்மா இரு." சென்னியப்பன் துளசிமணியைப் பார்த்தார். "எந்திரிம்மா. உக்காந்தே இவ்வளவு கொட்டுமுன்னா நின்னுட்டே கொட்டலாம். மேல போ, வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவள் கால்களை எடுக்கப் பார்த்தாள். முழங்கால்வரை மூடியிருந்தது. நாற்காலியின் கால்களும் உள்ளே போயிருந்தன. "எந்திரிக்கறனுங்க. இது நிக்கட்டும்" என்றாள். குரலில் எதிர்ப்பு எதுவும் இல்லை; அந்தப் பதினோரு வருஷமும் எந்தக் குரலில் புடவை விலை சொன்னாளோ அதே குரல்தான். சொல்லிவிட்டு அடுத்தவரின் பில்லை வாங்கினாள்.

விமல்நாத் ஓடிப்போய்த் தராசைக் கொண்டுவந்தான். ஒரு கூடை போட்டுப் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் கண்ணால் அளந்து, மனதில் பிடித்தம் போட்டுப் பார்த்தான். அவள் இனி எத்தனையோ வருஷம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தாலும் அடையாது. சென்னியப்பன் ஆடிட்டருக்குப் போன் போட்டார். ஆடிட்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "பழைய வருஷத்துக்கு இப்ப நாம எதுவும் பண்ண முடியாதுங்க. குடுக்கவும் முடியாது, புடிக்கவும் முடியாது. கணக்கு முடிச்சாச்சு" என்று வைத்துவிட்டார். அதற்குள் குவியல் மேசையைச் சுற்றிக்கொண்டு, வாசல் பொம்மைகளின் முழங்கால்வரை வந்திருந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

"மேல நிக்கற பொண்ணுங்களக் கூப்புடு. கூடை குடு. அள்ளி வெளிய கொட்டச் சொல்லு" என்றார் சென்னியப்பன் விமல்நாத்திடம்.

பட்டுப் பிரிவிலிருந்தும் சுடிதார் பிரிவிலிருந்தும் ஏழெட்டுப் பெண்கள் கூடையோடு இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த பூங்கொடி குவியலின் ஓரத்தில் கூடையை வைத்துவிட்டுக் குனிந்து கையை உள்ளே விட்டாள். இளஞ்சூடாக இருந்தது. வைகாசி மாசத்து ஆற்றுமணல் போல அமிழ்ந்து கொடுத்தது. அவள் துளசிமணியை ஒருமுறை பார்த்தாள். பிறகு அப்படியே திரும்பி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றான் விமல்நாத்.

"கூடை ரொப்பறனுங்."

உட்கார்ந்தபடியே ஒரு கை அள்ளிக் கூடையில் போட்டாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். அப்புறம் மற்றவர்கள், ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, முட்டியில் கை வைத்து, உஸ்ஸென்று மூச்சு விட்டபடி. கடையில் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று விதி இருந்தது, ஸ்டூலில் உட்காரக் கூடாது என்று வழக்கம் இருந்தது, ரேக்கில் சாயக் கூடாது, மேசையில் ஊன்றக் கூடாது. இதைப் பற்றி எதுவும் இல்லை. விமல்நாத் தொண்டையைக் கனைக்க வாயைத் திறந்து, கனைக்காமல் மூடிக்கொண்டான். சென்னியப்பன் எதையோ சொல்ல வந்தவர் போல விரலைத் தூக்கினார். அந்த விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அதற்குள் பூங்கொடியின் கணுக்காலிலிருந்து அவளுடையது இறங்க ஆரம்பித்திருந்தது, ஒரு வருஷத்துக்கு உண்டானது, இன்னும் நைசாக.

முகூர்த்தப் பட்டு எடுக்க நம்பியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்த நேரத்தில் உள்ளே நுழைந்தது. முன்னால் வந்தவள், கல்யாணப் பெண்ணின் அம்மா, காலையிலிருந்து மூன்று கடை ஏறி இறங்கியிருந்தாள். "ஏம்மா, ஆராச்சும் வந்து மாம்பழக் கலர்ல பட்டு எடுத்துப் போடுங்க" என்றாள்.

"இருங்க்கா" என்றாள் பூங்கொடி. "உக்காந்திருக்கறோம்."

அந்தக் கடையில் அப்படி ஒரு பதிலை அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த அம்மாள் பூங்கொடியைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள், நின்றுகொண்டிருந்த தன் கால்களைப் பார்த்தாள். பிறகு கைப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குவியலின் ஓரத்தில் ஓரிடத்தை உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினாள்.

கேஷ் மேசைக்குப் பின்னால் துளசிமணி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவளை எழுந்திருக்கச் சொல்ல அப்புறம் யாரும் வரவில்லை. முழங்காலிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷத்தில் பின்னோக்கி ஆறாவது வருஷத்துக்குத்தான் வந்திருந்தாள்.